ஐஎஸ்என் வேர்ல்ட் காங்கிரஸுக்கு முதல் தடவை போறவங்களுக்கு: வார்டு கேள்வியில இருந்து வெளிநாட்டு கொலாபரேஷன் வரைக்கும்

டிஎம் நெஃப்ராலஜி (கிட்னி மருத்துவ மேல்படிப்பு) சேர்ந்தவங்க, அதையே டிஎன்பில பண்றவங்க, புதுசா கன்சல்டன்ட் ஆகி சின்ன ஊர்ல ஒரு டயாலிசிஸ் யூனிட்டை ஒத்தை ஆளா இழுத்துட்டு இருக்கறவங்க, இவங்களை எல்லாம் மனசுல வச்சுதான் இதை எழுதுறேன். இன்டர்நேஷனல் சொசைட்டி, அது நடத்துற வேர்ல்ட் காங்கிரஸ், கொலாபரேஷன் (மத்த சென்டரோட கூட்டு ஆராய்ச்சி) இதெல்லாம் பெரிய இன்ஸ்டிட்யூட்காரங்க சமாச்சாரம்னு நம்ம ஆளுங்க ஒதுங்கிடறாங்க. அது வேண்டாம். உங்க வார்டுல இருந்து வந்த ஒரு நல்ல கேள்வி, ஒழுங்கா எழுதி வச்ச டேட்டா, இந்த ரெண்டும் கையில இருந்தா உலக மாநாட்டுல உங்களுக்கு இடம் இருக்கு. ரெண்டும் இல்லாம போனா பேட்ஜ், பை, சர்ட்டிஃபிகேட்டோட திரும்பி வருவீங்க, அவ்வளவுதான்.

முதல்ல பேரைத் தெளிவு பண்ணிக்குவோம். ஐஎஸ்என்னு ரெண்டு இருக்கு. ஒண்ணு 1970-ல ஆரம்பிச்ச நம்ம இந்தியன் சொசைட்டி ஆஃப் நெஃப்ராலஜி, இன்னொண்ணு 1960-ல ஆரம்பிச்ச இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் நெஃப்ராலஜி, ஆபீஸ் பிரஸ்ஸல்ஸ்ல. கீழ ஐஎஸ்என்னு நான் சொல்றது எல்லாம் இன்டர்நேஷனல்தான், நம்ம சங்கத்தை இந்தியன் சொசைட்டின்னே சொல்றேன். மெம்பர்ஷிப் வேற, மாநாடு வேற, பணம் கட்டும்போது மாத்திக் கட்டிடாதீங்க.

மாநாடு எப்படி மாறிட்டு வருது

இது ஏன் தெரியணும்னா, உங்களுக்கு எத்தனை வாய்ப்பு இருக்குன்னு இதை வச்சுதான் கணக்குப் போட முடியும். முதல் காங்கிரஸ் 1960-ல ஏவியான், ஜெனீவா ரெண்டு ஊர்லயும் சேர்த்து நடந்துச்சு, பாரிஸ் டாக்டர் ழான் ஹாம்பர்கர் முன்ன நின்னு நடத்தினார், முதல் பிரசிடென்ட்டும் அவர்தான். அதுக்கப்புறம் ரொம்ப காலம் பெரும்பாலும் மூணு வருஷத்துக்கு ஒண்ணுன்னு ஓடுச்சு, 1963 பிராக், 1966 வாஷிங்டன், 1969 ஸ்டாக்ஹோம். 2000-க்கு அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு ஆச்சு, சிங்கப்பூர், ரியோ, ஹாங்காங், கேப் டவுன், மெக்சிகோ சிட்டின்னு சுத்தி 2019-ல மெல்போர்ன் வந்துச்சு, அங்கிருந்து வருஷா வருஷம்னு முடிவு பண்ணாங்க. முன்னாடி எல்லாம் ஒருத்தர் டிரெய்னிங் முடியறதுக்குள்ள ஒரு காங்கிரஸ் வந்தாலே பெரிய விஷயம், இப்ப மூணு வருஷ டிஎம்-ல மூணு வருது. இந்த வருஷம் முடியலைன்னா அடுத்த வருஷம், பதற வேண்டியதில்லை.

வருஷா வருஷம்னு முடிவு பண்ண கையோட கொரோனா வந்துருச்சு. 2020 மார்ச்ல அபுதாபில நடக்க வேண்டியது ரத்தாச்சு, 2021 முழுக்க ஆன்லைன், 2022 கோலாலம்பூர் ஹைப்ரிட். அந்த ரெண்டு மூணு வருஷத்துல நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஒரு நல்லதும் நடந்துச்சு, விசா இல்லாம, டிக்கெட் இல்லாம, ட்யூட்டி ரூம்ல உக்காந்துட்டே முழு மாநாட்டையும் பாக்கலாம்னு ஆச்சு. அந்தப் பழக்கம் முழுசாப் போயிடல, ரெக்கார்டிங்கைப் பின்னாடி பாக்குற வசதி இப்பவும் இருக்கு. அப்புறம் 2023 பாங்காக், 2024 புவனோஸ் ஐரிஸ், 2025 பிப்ரவரில நம்ம டெல்லி, 2026-க்கு யோகோஹாமா. இந்தியாவுல இந்த மாநாடு வந்தது டெல்லிலதான் முதல் தடவை. 2019-ல இருந்து 2021 வரைக்கும் ஐஎஸ்என் பிரசிடென்ட்டா இருந்தவரும் நம்ம நாட்டு டாக்டர் விவேகானந்த் ஜா.

உள்ள நடக்குறதும் மாறியிருக்கு. ஒருத்தர் மேடையில பேச ஆயிரம் பேர் கேட்டுட்டுப் போற மாநாடு மட்டும் இல்ல இப்ப. ஹேண்ட்ஸ்-ஆன் வொர்க்‌ஷாப் இருக்கு, டிபேட் இருக்கு, நோயாளிகளே வந்து பேசுறாங்க, டயாலிசிஸால சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகுதுன்னு பேச தனி இடம் இருக்கு. இந்தக் கடைசி விஷயம் நமக்கு ரொம்ப நெருக்கம். நிமிஷத்துக்கு 500 மில்லி டயாலிசேட் (டயாலிசிஸ் மெஷின்ல ஓடுற திரவம்), நாலு மணி நேரம், ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு 120 லிட்டர், அதைத் தயாரிக்க ஆர்ஓ மெஷின் வெளிய தள்ளுற தண்ணி தனி. 2019 கோடையில சென்னை தண்ணிக்கு அலைஞ்சது ஞாபகம் இருக்குல்ல, அந்த ஊர்ல டயாலிசிஸ் பண்றவங்க ஆர்ஓ வேஸ்ட் தண்ணியை என்ன செய்றோம்னு எழுதினா கேக்கறதுக்கு உலகம் பூரா ஆள் இருக்கு.

முதல் படி: இலவசமா கிடைக்கறதை முதல்ல எடுத்துக்கோங்க

மெம்பர் ஆகறதுக்கு முன்னாடியே கிடைக்கறது நிறைய. கேடிகோ கைடுலைன் எல்லாமே இலவசம். கிட்னி நோய்க்கு உலக அளவுல சிகிச்சை வழிகாட்டி எழுதற, 2003-ல ஆரம்பிச்ச அமைப்பு அது, சிகேடி (நாள்பட்ட கிட்னி நோய்) கைடுலைனை 2024-ல புதுப்பிச்சாங்க. கிட்னி இன்டர்நேஷனல் ரிப்போர்ட்ஸ் ஜர்னல் ஓப்பன் ஆக்சஸ், காசு கட்டாம படிக்கலாம், காங்கிரஸ் அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) எல்லாம் அதோட சப்ளிமென்ட்லதான் (கூடுதல் இதழ்) வரும். போன ரெண்டு வருஷ சப்ளிமென்ட்டை டவுன்லோட் பண்ணி, இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், நேபாளத்துல இருந்து வந்த அப்ஸ்ட்ராக்ட்டை மட்டும் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து படிங்க, எது ஏத்துக்கறாங்க, எப்படி எழுதுறாங்கன்னு பிடிபட்டுடும். குளோபல் கிட்னி ஹெல்த் அட்லஸ்னு ஒண்ணு இருக்கு, 2017, 2019, 2023-ல வந்துச்சு, எந்த நாட்டுல எத்தனை நெஃப்ராலஜிஸ்ட், டயாலிசிஸுக்கு யார் காசு குடுக்கறாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும். உங்க அறிமுக வரிக்கு அங்க இருந்து எடுத்துக்கலாம்.

அப்புறம் மெம்பர்ஷிப். இந்தியன் சொசைட்டில முதல்ல சேருங்க, அதுதான் தாய்வீடு, சதர்ன் சாப்டர் மீட்டிங்ல பேசிப் பழகாம நேரா வேர்ல்ட் காங்கிரஸ்ல போய் நிக்கறது கஷ்டம். ஐஎஸ்என் கட்டணம் நாட்டோட வருமான நிலையைப் பொறுத்து மாறும், டிரெய்னிங்ல இருக்கறவங்களுக்குக் குறைவு. காங்கிரஸ் ரெஜிஸ்ட்ரேஷனும் அப்படித்தான், மெம்பரா இருந்தா இன்னும் குறையும், அதனால மெம்பர் ஆயிட்டு ரெஜிஸ்டர் பண்ணுங்க, தலைகீழாப் பண்ணாதீங்க.

ரெண்டாவது படி: கேள்வி

இதுலதான் நான் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இங்கதான் நம்ம பிள்ளைங்க கோட்டை விடறாங்க. பாஸ்டன்ல, லண்டன்ல பண்ணின அதே ஸ்டடியைச் சின்னதா நம்ம ஊர்ல பண்ணி அனுப்புறாங்க. அதை யாரு கேக்கப் போறா. அவங்ககிட்ட இல்லாதது உங்ககிட்ட என்ன இருக்குன்னு பாருங்க.

கண்ணாடி விரியன் கடிச்சு யூரின் நின்னு போய் வர்ற ஆளை உங்க ஜிஹெச்ல மழைக்காலத்துல வாரா வாரம் பாப்பீங்க. ஐரோப்பால ஒரு நெஃப்ராலஜிஸ்ட் வாழ்நாள் பூரா ஒண்ணு பாத்தா அதிகம். பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் 2017-ல கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்கள் பட்டியல்ல சேத்துச்சு, 2030-க்குள்ள சாவையும் ஊனத்தையும் பாதியாக் குறைக்கணும்னு 2019-ல திட்டம் போட்டாங்க. அப்ப இந்த டேட்டா யார்கிட்ட இருந்து வரணும்? தருமபுரில, திருவண்ணாமலைல, கிளிநொச்சில வேலை பாக்குறவங்ககிட்ட இருந்துதான் வரணும். கடிச்சு எத்தனை மணி நேரத்துல வந்தாங்க, ஆன்ட்டிவெனம் எத்தனை வயல், டயாலிசிஸ் தேவைப்பட்டுச்சா, மூணு மாசம் கழிச்சு கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த அளவு) எவ்வளவு, இந்த நாலையும் ஒழுங்கா எழுதி வச்சாலே அது ஒரு நல்ல அப்ஸ்ட்ராக்ட். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், டிஸ்சார்ஜோட எல்லாரும் நிறுத்திடறாங்க, மூணு மாசம் கழிச்சு என்ன ஆச்சுன்னு ஃபோன் போட்டுக் கேட்டவங்க கம்மி.

இன்னொண்ணு, காரணம் தெரியாத சிகேடி. இலங்கைல அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் நெல் விவசாயிங்ககிட்ட 1990-கள்ல இருந்து பாத்துட்டு இருக்காங்க, ஆந்திரால ஸ்ரீகாகுளம் மாவட்டத்துல உத்தானம், மத்திய அமெரிக்கால எல் சால்வடோர், நிகரகுவால கரும்பு வெட்டுறவங்க. சுகர் இல்ல, பிரஷர் இல்ல, நடுவயசுல கிட்னி போயிடுது. வெயில்ல நீர் வத்திப் போறதா, குடிக்கற தண்ணியா, பூச்சிமருந்தான்னு இன்னும் ஒரு முடிவுக்கு வரல. தமிழ்நாட்டு விவசாயக் கூலிங்ககிட்டயும் இதைத் தேட ஆரம்பிச்சாச்சு. இந்தக் கேள்விக்கு ஒரு நாடு தனியா விடை கண்டுபிடிக்கவே முடியாது, ஏன்னா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி அளந்தா ஒப்பிட முடியாது. அதுக்காகத்தான் டிகிரி (DEGREE)னு பேர் வச்சு ஒரு பொது புரோட்டோகால் (ஆய்வுமுறை) போட்டாங்க, ஒரே மாதிரி ஆளைத் தேர்ந்தெடுத்து, ஒரே மாதிரி கிரியேட்டினின் அளந்து, எல்லா நாட்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வைக்கற மாதிரி. கொலாபரேஷன்னா என்னன்னு கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன், ரெண்டு ப்ரொஃபசர் கை குலுக்குற ஃபோட்டோவை இல்ல.

மூணாவது படி: அனுமதி

சுருக்கமா சொல்றேன். பழைய கேஸ் ஷீட்டைப் பாக்குற ஆடிட்டா இருந்தாலும் எதிக்ஸ் கமிட்டி லெட்டர் வேணும், அது பல காலேஜ்ல மாசக்கணக்குல இழுக்கும், அதனால கேள்வி முடிவான அன்னைக்கே அப்ளிகேஷன் போடுங்க. கிளினிக்கல் டிரையல்னா முதல் பேஷன்ட்டைச் சேக்கறதுக்கு முன்னாடியே சிடிஆர்ஐ-ல (இந்தியாவோட கிளினிக்கல் டிரையல் பதிவேடு) ரெஜிஸ்டர் ஆகியிருக்கணும். டெஃபினிஷன் எல்லாம் கேடிகோ படி வைங்க. ஏகேஐன்னா (திடீர்னு கிட்னி பாதிக்கறது) 48 மணி நேரத்துல கிரியேட்டினின் 0.3 மி.கி/டெ.லி ஏறணும், இல்ல 7 நாள்ல ஒண்ணரை மடங்கு ஆகணும், இல்ல 6 மணி நேரமா யூரின் ஒரு கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லிக்குக் கீழ போகணும். நீங்களா ஒரு கட்-ஆஃப் வச்சா ரிவ்யூவர் அங்கயே மூடி வச்சிடுவார்.

நாலாவது படி: அப்ஸ்ட்ராக்ட்

மாநாட்டுக்கு அஞ்சாறு மாசம் முன்னாடி அப்ஸ்ட்ராக்ட் கடைசித் தேதி வந்துடும். மார்ச்ல மாநாடுன்னா அக்டோபர்ல டேட்டா ரெடியா இருக்கணும், அப்ப எதிக்ஸ் ஜூன்லயாவது கையில வந்திருக்கணும், அப்ப கேள்வி போன மார்ச்லயே முடிவாகியிருக்கணும். இப்படிப் பின்னாடி இருந்து எண்ணிட்டு வாங்க.

எழுதும்போது இன்ட்ரொடக்‌ஷன் ரெண்டு வரி போதும், உலகத்துல 85 கோடி பேருக்குக் கிட்னி நோய்னு ஆரம்பிக்கற அப்ஸ்ட்ராக்ட் ஆயிரம் வந்திருக்கும், அதை விட்டுட்டு உங்க ஊர்ல என்ன தெரியாம இருக்குன்னு ஆரம்பிங்க. ரிசல்ட்ல நம்பர் வேணும், "கணிசமான பேருக்கு"ன்னு எல்லாம் வேண்டாம், எத்தனை பேர்ல எத்தனை பேர்னு போடுங்க. கன்க்ளூஷன்ல "மேலும் ஆராய்ச்சி தேவை"ன்னு முடிக்காதீங்க, இதை வச்சு உங்க யூனிட்ல என்ன மாத்தினீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. ஆஸ்பத்திரி பேரை உள்ள எழுதலாமா, எழுத்து எத்தனை, டேபிள் எத்தனைன்னு அந்த வருஷ விதியைப் பாத்துக்கோங்க, வருஷா வருஷம் மாறும்.

கடைசித் தேதி பெரும்பாலும் ஐரோப்பா நேரத்துல போட்டிருப்பாங்க. குளிர்காலத்துல அவங்க ராத்திரி 11:59 நமக்கு மறுநாள் விடிகாலை 4:29. அந்த நாலரை மணி நேரத்தை நம்பி இருக்காதீங்க, கடைசி நாள் சர்வர் திணறும், கோ-ஆத்தர் டிஸ்க்ளோஷர் ஃபார்ம் போடாம தூங்கிட்டு இருப்பார். ரெண்டு நாள் முன்னாடியே முடிச்சுடுங்க.

ஐந்தாவது படி: பணம்

அப்ஸ்ட்ராக்ட் போடும்போதே டிராவல் கிராண்ட் கேக்க முடியுமான்னு பாருங்க, நம்ம மாதிரி நாட்டு இளையவங்களுக்குன்னே ஐஎஸ்என் குடுக்குது, கேக்காம விடறவங்கதான் அதிகம். இந்தியன் சொசைட்டில தனியா உண்டு. ஐசிஎம்ஆர்-ல (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) வெளி ஆஸ்பத்திரி ஆராய்ச்சியாளருக்கும் வெளிநாட்டுப் பயண கிராண்ட் உண்டு, அதுக்கு ரொம்ப முன்கூட்டியே அப்ளை பண்ணணும். கவர்ன்மென்ட் சர்வீஸ்ல இருக்கறவங்க என்ஓசி ஃபைலை அக்செப்டன்ஸ் மெயில் வந்த அன்னைக்கே நகத்துங்க, விசாவுக்கு இன்விடேஷன் லெட்டரும் அன்னைக்கே கேளுங்க.

மருந்துக் கம்பெனி டிக்கெட் வேண்டாம். மெடிக்கல் கவுன்சில் விதில 2009 திருத்தத்துலயே டாக்டர் மாநாட்டுக்குப் போக கம்பெனிகிட்ட பயணச் செலவு வாங்கக்கூடாதுன்னு போட்டாச்சு, 2024-ல மருந்துக் கம்பெனிங்களுக்கு வந்த மார்க்கெட்டிங் விதிமுறையும் அதையேதான் சொல்லுது. எல்லாரும் வாங்குறாங்களேன்னு சீனியர் சொல்லுவாங்க. சொல்லட்டும். டயாலிசிஸ் பேஷன்ட் எரித்ரோபொய்ட்டினுக்கு (ரத்த சோகைக்குப் போடற ஊசி) நகை அடகு வச்சு காசு கட்டுற ஊர்ல, அந்தக் கம்பெனி காசுல ஃப்ளைட் ஏறாதீங்க. ஒரு வருஷம் தள்ளிப் போனாலும் பரவாயில்ல, இல்லைன்னா ஆன்லைன்ல பாருங்க.

மாநாட்டுல

ஒரே நேரத்துல ஏழெட்டு ஹால்ல நடக்கும், எல்லாத்தையும் பாக்க ஆசைப்பட்டா எதையும் பாக்க மாட்டீங்க. பெரிய லெக்சர் எல்லாம் பின்னாடி ரெக்கார்டிங்ல கிடைக்கும், அதுக்காக ஓடாதீங்க. ரெக்கார்டிங்ல கிடைக்காததுக்குப் போங்க, அதாவது வொர்க்‌ஷாப், போஸ்டர் ஏரியா, ரீஜினல் போர்டு ஆளுங்க கூடற இடம். ஐஎஸ்என்-ல பத்து ரீஜினல் போர்டு, நமக்கு சவுத் ஏசியா. இலங்கை, நேபாளம், பங்களாதேஷ் டாக்டருங்களோட பேசுங்க, அவங்க பேஷன்ட்டும் உங்க பேஷன்ட்டும் ஒரே மாதிரி கஷ்டத்துல இருக்கறவங்க. யாழ்ப்பாணத்துல இருந்தோ மட்டக்களப்புல இருந்தோ வந்தவங்க இருந்தா தமிழ்லயே பேசிக்கலாம், பேஷன்ட் கேள்வித்தாளைக்கூட ரெண்டு பக்கமும் ஒண்ணா தயார் பண்ணலாம்.

போஸ்டர் பக்கத்துல நில்லுங்க, அந்த ஒரு மணி நேரம் காபிக்குப் போகாதீங்க. ஒரு நிமிஷத்துல உங்க ஸ்டடியைச் சொல்லப் பழகி வச்சுக்கோங்க, இங்கிலீஷ் உடைஞ்சா உடையட்டும், ஜப்பான்காரர், பிரேசில்காரர் எல்லாரும் அப்படித்தான் பேசுறாங்க. பெரியவங்களைப் பாத்தா செல்ஃபி கேக்கறதுக்குப் பதில் அவங்க பேப்பர்ல உங்களுக்குப் புரியாத ஒரு இடத்தைக் கேளுங்க, முகம் மாறி உக்காந்து பேசுவாங்க.

திரும்பி வந்தப்புறம்

உண்மையான வேலை இங்கதான் ஆரம்பிக்குது. பேசினவங்களுக்கு ஒரு வாரத்துக்குள்ள மெயில் போடுங்க. "கொலாபரேட் பண்ண விருப்பம்"னு மட்டும் எழுதினா பதில் வராது. உங்ககிட்ட எத்தனை பேஷன்ட் டேட்டா இருக்கு, எந்த ஒரு கேள்வி, அவங்ககிட்ட என்ன உதவி, இதை அஞ்சு வரில எழுதுங்க.

ஐஎஸ்என்-ல ரெண்டு வாசல் ஏற்கனவே திறந்துதான் இருக்கு. ஒண்ணு ஃபெல்லோஷிப், 1985-ல இருந்து நடக்குது, வேற சென்டருக்குப் போய் கத்துக்கிட்டு சொந்த ஊருக்குத் திரும்பணும்னு நிபந்தனையோட குடுக்கறாங்க. அந்த நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். இன்னொண்ணு சிஸ்டர் சென்டர், 1997-ல ஆரம்பிச்சது, வளர்ற ஒரு யூனிட்டும் வளர்ந்த ஒரு யூனிட்டும் ஜோடி சேந்து சி லெவல்ல ஆரம்பிச்சு பி, ஏன்னு படி ஏறணும், ஆறு வருஷத்துத் திட்டம். இது தனி ஆளுக்குக் கிடையாது, டிபார்ட்மென்ட்டுக்கு. அதனால ஹெச்ஓடி, பயாப்சி பாக்குற பேத்தாலஜிஸ்ட், டயாலிசிஸ் நர்ஸ் எல்லாரும் சேந்து அப்ளை பண்ணணும்.

வளர்ந்த சென்டர்னதும் மேற்கு நாடுன்னே யோசிக்காதீங்க. பெரிடோனியல் டயாலிசிஸை (வயித்துக்குள்ள திரவம் விட்டு வீட்டுலயே பண்றது) முதல்ல வைக்கற பாலிசியை ஹாங்காங் 1985-லயும் தாய்லாந்து 2008-லயும் கொண்டு வந்தாங்க. நம்ம ஊர்ல 2021-ல மக்களைத் தேடி மருத்துவம் வந்து அதுக்கான சிஏபிடி திரவப் பையை வீட்டுக்கே கொண்டு போய் குடுக்கற நிலைமைல, இன்ஃபெக்‌ஷன் வராம கிராமத்து வீட்டுல எப்படிப் பண்றதுன்னு கத்துக்க பாங்காக் போறதுதான் புத்திசாலித்தனம். சிஎம்சி வேலூர் 1971-லயே டிரான்ஸ்பிளான்ட் பண்ணின இடம், கத்துக்க வெளிநாட்டுல இருந்து ஆள் வர்ற ஊர் அது, நமக்கு பஸ் ஏறினாலே போதும்.

கடைசியா, ஏமாறாம இருக்கறது. வெளிய இருந்து வர்ற டீம் ஒண்ணு நம்ம பேஷன்ட் ரத்தத்தையும் டேட்டாவையும் எடுத்துட்டுப் போய் அவங்க பேர்ல பேப்பர் போடறது உலகம் பூரா நடந்திருக்கு. ஆரம்பத்துலயே பேசி எழுதி வைங்க: யார் முதல் ஆத்தர், டேட்டா எங்க இருக்கும், சாம்பிள் போனா மெட்டீரியல் டிரான்ஸ்ஃபர் அக்ரிமென்ட் எங்க. வெளிநாட்டுப் பணமோ கூட்டாளியோ இருந்தா ஐசிஎம்ஆர் வழியா ஹெல்த் மினிஸ்ட்ரி ஸ்க்ரீனிங் கமிட்டி அனுமதி வேணுமான்னு முதல் மாசமே பாருங்க. ஆத்தர்ஷிப்புக்கு மெடிக்கல் எடிட்டர்ஸ் கமிட்டி விதி நாலு: வேலைல உண்மையான பங்கு இருக்கணும், எழுதினதுலயோ திருத்தினதுலயோ கை இருக்கணும், கடைசி வடிவத்துக்குச் சம்மதம் குடுத்திருக்கணும், அதுக்குப் பொறுப்பேத்துக்கணும். நாலும் இருக்கறவங்க பேரு வரணும், இல்லாதவங்க பேரு வரக்கூடாது. இது வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும் இல்ல, நம்ம ஹெச்ஓடிக்கும் சேத்துதான்.

அதே விதிப்படி, ராத்திரி ரெண்டு மணிக்குப் பாம்புக்கடி கேஸுக்கு டயாலிசிஸ் போட்டுக்கிட்டே எக்செல் ஷீட்ல நேரம் குறிச்ச டெக்னீஷியன், மூணு மாசம் கழிச்சு வீட்டுக்கு ஃபோன் போட்டு லேபுக்கு வரவச்ச நர்ஸ், இவங்களை டிராஃப்ட்டைப் படிக்க வைங்க, கருத்து கேளுங்க, பேரு போடுங்க. அவங்களே எழுதற அப்ஸ்ட்ராக்ட்டையும் காங்கிரஸுக்கு அனுப்பலாம். தண்ணி ட்ரீட்மென்ட், கேத்தீட்டர் இன்ஃபெக்‌ஷன் இதுல எல்லாம் உங்களை விட அவங்களுக்குத்தான் அதிகம் தெரியும், முதல் பேரு அவங்களுதா இருக்கட்டும்.